அனுசனின் பெயரில் ஒரு ஞானஸ்நானம்

லண்டன் ஈஸ்ட் ஹாமின் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் நாகேஸ்வரியின் கோபத்தை அறியாதவர்கள் குறைவு. ஒரு பலசரக்குக் கடையின் பின்பக்கச் சமையலறையில் அவளுக்கு வேலை. மட்டன் றோல்ஸ், பற்றிஸ், வடை எல்லாம் அவள் கையால்தான். பழைய எண்ணெயிலேயே இன்னொரு நாளும் பொரிக்கச் சொன்ன முதலாளியின் கண் முன்னால் அந்த எண்ணெயைக் குப்பை வாளிக்குள் ஊற்றியவள் அவள். முதலாளி அவளை வேலையால் நிறுத்தவில்லை. அவளைப் போல றோல்ஸ் சுற்ற வேறு ஆள் கிடைக்காது என்பது ஒரு காரணம். அவளுடைய மகனைப் பற்றி அவருக்கும் தெரியும் என்பது மற்றது.

போர் முடிந்தபோது மகன் அனுசனுக்குப் பத்தொன்பது வயது. புலிகள் இயக்கம் அவனைப் பிடித்துக்கொண்டு போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தைக் கடந்ததும் இராணுவத்தினர் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவர்களும் வந்து பதிய வேண்டும், விசாரித்துவிட்டு விடுவோம் என்று. அனுசன் மற்றவர்களோடு பஸ்ஸில் ஏறி, யன்னலால் தாய்க்குக் கையைக் காட்டினான். அதற்குப் பிறகு அவனைக் கண்டதாகச் சொல்ல ஒருவரும் இல்லை.

அவளுடைய கணவன் ஆனந்தராஜா அதற்கு முன்பே லண்டனுக்கு அகதியாக வந்திருந்தார். சனத்தை அடைத்து வைத்த முகாமை விட்டு வெளியே வந்த நாகேஸ்வரி, மகனைப் பற்றி எந்த அலுவலகத்திலும் பதில் கிடைக்காமல், சின்ன மகள் தக்ஷிகாவோடு அவரிடம் வந்து சேர்ந்தாள். வந்த நாளில் இருந்து அந்த வீட்டில் ஒரு விதி. அனுசனைப் பற்றி இறந்தகாலத்தில் கதைக்கக் கூடாது. அவனுக்கு நண்டுக்கறி விருப்பம் என்று சொல்லலாம். விருப்பமாயிருந்தது என்று சொல்லக் கூடாது. ஆத்ம சாந்திக்கு ஒரு பூசை செய்யலாமே என்று கேட்ட மச்சாளின் தேத்தண்ணிக் கோப்பையைப் பாதியில் பறித்து, கதவைத் திறந்து காட்டினாள் நாகேஸ்வரி. அந்த மச்சாள் பிறகு அந்தப் படியை மிதிக்கவில்லை.

இந்த விதிக்குள்தான் தக்ஷிகா வளர்ந்தாள். படித்து, ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு நாள் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த இரண்டு பெண்கள் கதை கொடுத்தார்கள். நெஞ்சில் பெயர்ப்பட்டி குத்திய மிஷனரிப் பெண்கள். கூடப் பிறந்தவர்கள் இருக்கிறார்களா என்று ஒருத்தி சும்மாதான் கேட்டாள். தக்ஷிகா பதில் சொல்லத் தொடங்கி, அழுதுவிட்டாள். அப்படித்தான் அவள் மோர்மன்களிடம் போனாள். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்று முழுப்பெயரைச் சொல்ல வேண்டும் என்பாள் அவள். நாகேஸ்வரி ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

வீட்டில் விஷயம் தேத்தண்ணியால்தான் வெளியே வந்தது.

"எனக்கு வேண்டாம் அம்மா. இனி நான் தேத்தண்ணி, கோப்பி குடிக்கிறேல்லை."

"ஏன், வயித்துக்குள்ள ஏதுமோ?"

"இல்லை. நான் சேர்ச்சில சேந்திட்டன். எங்களுக்கு அது கூடாது. குடி, சிகரெட்டும் கூடாது."

நாகேஸ்வரி கோப்பையை அப்படியே சிங்குக்குள் கவிழ்த்தாள். ஒரு கிழமை மகளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. முருகனுக்கு என்ன குறை என்று கணவனிடம்தான் சத்தம் போட்டாள். ஆனந்தராஜா பெட்ரோல் ஸ்டேஷனில் வேலை செய்து, எல்லாவிதமான ஆட்களின் கோபத்தையும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து கேட்டுப் பழகியவர்.

"இஞ்சரும், அந்தப் பிள்ளையளை ஒருக்கா வீட்டுக்குக் கூப்பிட்டுக் கேப்பம். என்ன சொல்லுகினம் எண்டு தெரியாமல் கத்தி என்ன செய்யிறது?"

இரண்டு பெண்களும் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தார்கள். ஒருத்தி அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்காரி, மற்றவள் மணிலாவில் பிறந்தவள். இருவருக்கும் இருபது வயது மட்டில். இடியப்பத்தைக் கையால் சாப்பிட்டார்கள். பிறகு, தக்ஷிகா தமிழில் சொல்லச் சொல்ல, தங்கள் மதம் தொடங்கிய கதையைச் சொன்னார்கள்.

இருநூறு வருடங்களுக்கு முன்னர் நியூயோர்க் மாநிலத்தின் ஒரு கிராமத்தில் ஜோசப் ஸ்மித் என்று, வயல் உழும் ஒரு கமக்காரனின் மகன். பதினான்கு வயது. ஊரில் ஒவ்வொரு சபையும் தாங்கள்தான் உண்மை என்று சண்டை பிடித்தன. எதில் சேருவது என்று தெரியாமல் அவன் காட்டுக்குள் போய் முழங்காலில் நின்று கேட்டான். பிதாவும் குமாரனும் இரண்டு தனித்தனி ஆட்களாக ஒளிக்குள் வந்து நின்று, எதிலும் சேராதே என்றார்கள். பிறகு மொரோனி என்ற தேவதூதர் வந்து, ஒரு குன்றில் புதைந்திருந்த பொன் தகடுகளைக் காட்டினார். பழைய காலத்தில் அமெரிக்காவில் வாழ்ந்த ஒரு சனத்தின் கதையும், உயிர்த்தெழுந்த கிறிஸ்து அவர்களிடம் வந்ததும் அதில் எழுதியிருந்தன. அதைத்தான் ஜோசப் ஸ்மித் கடவுளின் வல்லமையால் மொழிபெயர்த்தார். அதுதான் மோர்மன் புத்தகம்.

"அந்தத் தகடுகள் இப்ப எங்க?" என்று நாகேஸ்வரி கேட்டாள்.

"தேவதூதர் திரும்ப எடுத்துக்கொண்டு போயிட்டாராம்."

"வசதி," என்றாள் நாகேஸ்வரி. தக்ஷிகா அதை மொழிபெயர்க்கவில்லை.

யூட்டாப் பெண் தொடர்ந்தாள். சபை வளர வளர ஊர் ஊராக அவர்களைத் துரத்தினார்கள். கடைசியில் ஜோசப் ஸ்மித்தையும் தமையனையும் இலினோய் மாநிலத்தில் ஒரு சிறையில் அடைத்தார்கள். பாதுகாப்புத் தருவதாக ஆளுநரே வாக்குக் கொடுத்திருந்தார். ஒரு கும்பல் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு சிறைக்குள் புகுந்து இருவரையும் சுட்டது. மிச்சச் சனம் வண்டில் கட்டி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மைல் நடந்து, இன்றைய யூட்டாவின் உப்பேரிப் பக்கம் போய்க் குடியேறியது.

நாகேஸ்வரி கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

"வாக்குக் குடுத்துப்போட்டோ?"

"ஓம் அம்மா."

"அந்தத் தாய் உயிரோட இருந்தவவோ?"

மிஷனரிப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்படி ஒருவரும் அவர்களைக் கேட்டதில்லை. ஓம், தாய் இருந்தா, இரண்டு மகன்களின் உடலையும் கண்டவ என்று மணிலாப் பெண் மெதுவாகச் சொன்னாள்.

"உடம்பெண்டாலும் கிடைச்சுது," என்று சொல்லிவிட்டு நாகேஸ்வரி எழுந்து சமையலறைக்குள் போனாள். அந்தப் பெண்கள் வெளிக்கிடும்போது அவர்களுக்கு இரண்டு பார்சல் இடியப்பம் கட்டிக் கொடுத்தாள். கோபம் தணிந்துவிட்டது என்று ஆனந்தராஜா நினைத்தார். அதன் பிறகு தக்ஷிகா ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ச்சுக்குப் போனபோதும், சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுத்தபோதும் தாய் முணுமுணுத்ததோடு சரி.

இரண்டு வருடம் அப்படியே போனது. இந்த வருடம் சித்திரை மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போது தக்ஷிகா சொன்னாள்.

"அம்மா, ஒரு விஷயம். வேற ஆக்கள் சொல்லி நீங்கள் அறியக் கூடாது. போன சனிக்கிழமை எங்கட ஆலயத்துக்குப் போனனான். லண்டனுக்கு வெளிய, சறே பக்கம் இருக்கிறது. அண்ணாவுக்கு ஞானஸ்நானம் குடுத்தாச்சு."

நாகேஸ்வரிக்கு முதலில் விளங்கவில்லை. எந்த அண்ணாவுக்கு என்று கேட்டாள்.

தக்ஷிகா விளக்கினாள். உயிரோடு இருக்கும்போது இந்தச் செய்தியைக் கேளாமல் போனவர்களுக்காக, உயிரோடு இருக்கும் ஒருவர் அவர்களுடைய பெயரில் தண்ணீருக்குள் இறங்குவார். குடும்பம் சாவோடு முடிகிறதில்லை, அங்கேயும் சேர்ந்து இருக்கலாம். காணாமல் போய்ப் பத்து வருடம் கடந்தவர்களுக்கும் செய்யலாம். சகோதரி சம்மதித்தால் போதும். அவள் சம்மதித்தாள். சேர்ச்சில் உள்ள ஒருவர் அண்ணாவுக்காக இறங்கினார்.

"செத்த ஆக்களுக்குச் செய்யிறது," என்றாள் நாகேஸ்வரி.

"ஓம்."

கறிச்சட்டி சுவரில் பட்டுத் தெறித்தது. ஆனந்தராஜா எழுந்து நின்றார்.

"ஆரடி உனக்குச் சொன்னது அவன் செத்தவன் எண்டு? பஸ்ஸில ஏத்திக்கொண்டு போனவங்களே இன்னும் சொல்லேல்லை. மரண சேட்டிபிக்கேற் தாறம், காசு தாறம், கையெழுத்து வையுங்கோ எண்டு கேட்டவங்கள். நான் வைக்கேல்லை. அவங்களால ஏலாததை நீ செய்து குடுத்திட்டாய்."

தக்ஷிகாவும் அந்த வயிற்றில் பிறந்தவள்தானே. அவளும் எழுந்தாள்.

"பதினாறு வருசமா என்னை அழ விடேல்லை நீங்கள். எனக்கு அப்ப ஒம்பது வயசு அம்மா. நானும் அந்தப் பஸ்ஸைப் பாத்தனான். உங்களுக்கு அண்ணா உயிரோட இருக்கவேணும். எனக்கு அண்ணா எங்கையாவது இருக்கவேணும். அவனைத் திரும்பப் பாக்கலாம் எண்டு எனக்குச் சொன்ன முதல் ஆக்கள் அவைதான்."

"அப்ப என்னைக் கேட்டிருக்கலாமே."

"கேட்டால் என்ன சொல்லியிருப்பீங்கள்?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கடைக்கு லீவு சொன்னாள். கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு, மகள் வெளிக்கிடும் நேரம் வாசலில் வந்து நின்றாள்.

"நானும் வாறன். உங்கட பெரியவரோட கதைக்கவேணும்."

பஸ்ஸில் இருவரும் வேறு வேறு சீற்றில் இருந்தார்கள்.

சிலையோ சிலுவையோ இல்லாத, பள்ளிக்கூடம் போன்ற ஒரு செங்கல் கட்டடம். கானா நாட்டவர்கள், பிரேசில்காரர்கள், வெள்ளைக்காரக் கிழவர்கள், நிறையக் கைக்குழந்தைகள். பிஷப் என்று தக்ஷிகா காட்டிய மனிதருக்கு அங்கி இல்லை. சாதாரணக் கோட்டும் டையும் போட்ட ஒஃபோரி என்ற எலெக்ட்ரீஷியன். சபையில் யாருக்கும் சம்பளம் கிடையாது. அன்று மாதத்தின் முதல் ஞாயிறு. அந்த நாளில் பிரசங்கம் இல்லை. சபையார் உண்ணாநோன்போடு வந்து, விரும்பியவர் எழுந்து மேடைக்குப் போய் மனதில் பட்டதைச் சொல்லலாம். ஒரு கிழவர் போய் முழங்கால் வருத்தம் சுகமானதைச் சொன்னார். ஒரு சின்னப் பிள்ளை தாயின் காதுக்குள் கேட்டுக் கேட்டு ஏதோ சொன்னது.

"ஆரும் போகலாமோ?" என்று நாகேஸ்வரி கேட்டாள்.

"அம்மா, வேண்டாம்."

அவள் எழுந்து நடந்துவிட்டாள். மைக் உயரமாக இருந்தது. ஒஃபோரி எழுந்து வந்து அதை இறக்கிக் கொடுத்துவிட்டுத் தன் இடத்தில் போய் இருந்தார். நாகேஸ்வரி சபையைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தாள்.

"வந்து இங்கிலிஷில சொல்லு. ஒரு சொல்லும் விடாமல் சொல்லு."

தக்ஷிகா பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்ர பேர் நாகேஸ்வரி. நான் உங்கட ஆள் இல்லை. எனக்கு ஒரு மகன் இருக்கிறான். பேர் அனுசன். நீங்கள் அவனைச் செத்தவன் எண்டு தண்ணிக்குள்ள இறக்கியிருக்கிறீங்கள். உங்கட சாமியாரைச் சிறைக்குள்ள வைச்சுச் சுட்டதெண்டு சொன்னவை. அண்டைக்கு அந்தத் தாய்க்காக நான் அழுதனான். அந்தத் தாய் சவத்தைத் தொட்டுப் பாத்தவ. எனக்கு ஒரு எலும்புத் துண்டும் காட்ட ஒருத்தரும் இல்லை. காட்டாமல் அவனைச் சாக்கொல்ல உங்களுக்கும் உரிமை இல்லை, என்ர மகளுக்கும் உரிமை இல்லை. நான் செத்தாப் பிறகு செய்யிறதைச் செய்யுங்கோ. அதுவரைக்கும் என்ர பிள்ளையின்ர பேரை விடுங்கோ."

மகள் ஒவ்வொரு வசனமாக மொழிபெயர்த்தாள். 'என்ர மகளுக்கும்' என்றதையும் விடாமல் சொன்னாள். கைக்குழந்தை ஒன்று அழுதது. ஒருவரும் அவளைக் கீழே இறங்கச் சொல்லவில்லை.

கூட்டம் முடிந்ததும் ஒஃபோரி அவர்களைத் தன் சிறிய அறைக்குள் அழைத்தார். நடந்ததை அழிக்க என்னால் ஏலாது, பொய் சொல்ல மாட்டேன் என்றார். ஆனால் அந்தச் சடங்கு ஒருவரையும் கட்டுப்படுத்தாது; அது ஒரு அழைப்பு மட்டும்தான், மறுமையில் இருப்பவர் வேண்டாம் என்றும் சொல்லலாம். உங்கள் மகன் உயிரோடு இருந்தால் அதற்கு ஒரு பொருளும் இல்லை. தாயைக் கேட்காமல் செய்தது வேதனை, அதற்காக வருந்துகிறேன் என்றார். இனி அவன் பெயரில் வேறு எந்தச் சடங்குக்கும் தக்ஷிகா கேட்க மாட்டாள் என்று அவளையே சொல்ல வைத்தார்.

"வேண்டாமெண்டு சொல்லுறதுக்கு அவன் அங்க இருக்கவேணும்," என்றாள் நாகேஸ்வரி. "அவன் அங்க இல்லை." அவர் நீட்டிய கையைப் பிடித்துக் கைலாகு கொடுக்காமல் வெளியே வந்தாள்.

பஸ் தரிப்பில் மழை தூறியது. தக்ஷிகா குடையை விரித்துத் தாயின் பக்கம் சாய்த்தாள்.

"நான் ஒண்டையும் விடேல்லை அம்மா."

"தெரியும். எனக்கு அவ்வளவு இங்கிலிஷ் விளங்கும்." பஸ் வரும் பக்கம் பார்த்தபடி நாகேஸ்வரியே தொடர்ந்தாள். "இலங்கையில ஒரு ஒபிசிலையும் என்னை முழுசாக் கதைக்க விடேல்லை. இந்தச் சனம் கதைக்க விட்டது. அதுக்காக மன்னிச்சிட்டன் எண்டு நினைக்காத."

"நினைக்கேல்லை."

அவள் மன்னிக்கவும் இல்லை. தக்ஷிகா இன்னும் சேர்ச்சுக்குப் போகிறாள், தாய் இன்னும் அதைப் பற்றிச் சண்டை பிடிக்கிறாள். ஆனால் அந்த வீட்டின் விதி உடைந்துவிட்டது. தக்ஷிகா இப்போது அண்ணாவை நினைத்து அழுதால், அடுத்த அறைக்குப் போகாமல் சாப்பாட்டு மேசையிலேயே இருந்து அழுகிறாள். நாகேஸ்வரி அதைப் பார்த்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி, பக்கத்தில் இருக்கிறாள்.

போன கிழமை றோல்ஸ் சுற்றிக் களைத்து வந்தவள் காலை நீட்டிக்கொண்டு இருந்தபடி மகளிடம் கேட்டாள்.

"நான் செத்தால் என்ர பேரையும் கொண்டுபோய் முக்குவியோ?"

பொய் சொல்லத் தக்ஷிகாவுக்கு விருப்பமில்லை.

"நீங்கள் அங்க இருந்து வேண்டாமெண்டு சொல்லலாம் அம்மா."

"அவ்வளவு தூரம் போய் ஏன் சொல்லவேணும்? இப்பவே சொல்லுறன்," என்றாள் நாகேஸ்வரி.

ஆனந்தராஜா பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். அவர் சிரித்தாரா இல்லையா என்று இருவருக்கும் தெரியவில்லை.