மீட்டர் மின்னும் வேகம்

படிக்கட்டுக்கு அடியில் செருப்பைத் தேடிக் குனிந்தபோதுதான், மின்சார மீட்டரின் சிவப்புப் புள்ளி படபடவென்று மின்னுவதைப் பார்த்தேன். மாடியறையில் அக்கா ஏசியை நிறுத்தியிருப்பாள் போல. சட்டென்று புள்ளி நிதானமாகி, விட்டுவிட்டு மின்னியது. இத்தனை மின்னினால் ஒரு யூனிட் என்று மீட்டரின் முகத்திலேயே போட்டிருக்கிறது. அட, அப்படியென்றால் எண்ணிவிடலாமே!

அக்கா பிரசவத்துக்காகத் தென்காசிக்கு வந்தவள். சித்திரை வெயிலில் பிள்ளையின் கழுத்தெல்லாம் வேர்க்குரு. ஏசி போட்டால் அவன் தூங்கினான், அக்காவுக்குத் தூக்கம் போனது. பதினெட்டில் வைத்து அறையை ஜில்லென்று ஆக்குவாள். அவன் கண்ணயர்ந்ததும் நிறுத்துவாள். சிணுங்கினால் மறுபடி போடுவாள். முந்தின நாள்தான் அம்மாவிடம் சொன்னாள்:

"என்னாலதான பில்லு ஏறுது. ஞாயித்துக்கிழம ஒங்க மருமகன வரச் சொல்லிட்டேன். திருவேங்கடத்துக்கே போயிருதேன்."

அங்கே புகுந்த வீட்டில் ஏசி கிடையாது. வெயில் இங்கே இருப்பதைவிட ஒரு பங்கு கூட.

அம்மாவுக்கு அவளை அனுப்ப மனமில்லை. ஆனால் ஏசியை நினைத்தால் பயம். 'ஒன்றரை டன்' என்பதை எடை என்றே நம்பினாள்.

"ஒரு குட்டியானை வண்டி லோடுலே அது! அம்புட்டையும் இழுக்கணும்னா கரண்டு திங்காதா?"

டன் என்பது குளிர்விக்கிற திறனுக்கான அளவு என்று நான் விளக்கியது சட்னி அரைத்த மிக்ஸிச் சத்தத்தில் போய்விட்டது.

ஆகவே எண்ணினேன். கைப்பேசியில் நிமிடத்தை ஓடவிட்டு, மீட்டர் முன்னால் குத்தவைத்து. பாதியில் புள்ளி பேய் பிடித்தாற்போல் துடித்தது.

"யம்மா, மிக்ஸிய நிறுத்து! கணக்கு கெட்டுப்போச்சு!"

"நிறுத்துதேன். தோசைக்கு ஒன் கணக்கத் தொட்டுக்க."

சாப்பிட்டு முடித்து, வெயில் உச்சிக்கு ஏறியதும் மறுபடி உட்கார்ந்தேன். முதலில் ஒரு மணி நேரம், அக்கா தன் முறைப்படி போட்டுப் போட்டு நிறுத்தினாள். பிறகு அதே அளவு நேரம், நான் சொன்னபடி இருபத்தேழில் வைத்து, ஃபேனை மெதுவாகச் சுழலவிட்டு, தொடாமல் இருந்தாள். பின்னதில் அறை ஒருமுறை குளிர்ந்த பிறகு புள்ளி சோம்பலாக மின்னத் தொடங்கியது. கூட்டிப் பார்த்தால் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே செலவு! அவள் விழித்திருந்து மிச்சம் பிடித்தது ஒன்றுமேயில்லை.

மாடிக்கு ஓடிச் சொன்னேன். அக்கா நம்பாமல் ரிமோட்டைப் பார்த்தாள், பிறகு பிள்ளையைப் பார்த்தாள்.

"அப்ப நான் முழிச்சுக் கெடந்ததெல்லாம்?"

"தெண்டம்."

"போலே மூதி," என்று சிரித்தவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. இரண்டு மாதத்தில் ஐந்நூறு யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே ஓடிய யூனிட்டுக்கும் சேர்த்து விலை ஏறும். என் கணக்குப்படி கொஞ்சம் தாண்டுகிறோம். குற்றாலத்தில் சாரல் இறங்கிவிட்டால் ஏசியே வேண்டாம். அதுவரை சமாளிக்க வேண்டும். மாடியறையைச் சுடவைப்பது மொட்டைமாடித் தளம். அதற்கு வெள்ளையடித்தால் வெயிலைத் திருப்பிவிடுமே என்றேன்.

அக்கா அப்போதே அத்தானுக்குப் போன் போட்டாள். "ஞாயித்துக்கிழம வாங்க. கூட்டிட்டுப் போக இல்ல, சுண்ணாம்பு அடிக்க ஒரு ஆளு கொறையுது."

சுண்ணாம்பும் அதை அடிக்கிற மட்டையும் வாங்கியாயிற்று. தளம் காய்ந்த மறுநாள், அதே உச்சிவெயிலில், மீட்டர் முன்னால் மறுபடி உட்காரப்போகிறேன்.