என் ஊற்றைப் பற்றி அவள் பேசினாள்

என் ஓரகத்திக்குப் பேச்சு வரும். எனக்கு வராது. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். ரேஷன் கடையில் என் முறை வந்ததும் சர்க்கரை கேட்கத் தயங்கி, அரிசியோடு திரும்பி வருகிறவள் நான். அவளோ அதே கடையில் எடை போடுகிறவரின் மகள் கல்யாணம் வரை விசாரித்துவிட்டு வருவாள்.

என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில் அவளும் என்னோடு உப்பளத்துக்கு வந்தாள். வெயிலும் கால் வெடிப்பும் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு ஆரோவில்லில் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை கிடைத்தது. எந்த ஊர்க்காரர் வந்தாலும் பேசிப் பேசி, யார் முன்னாலும் நாற்காலியில் சாய்ந்து உட்காரப் பழகிவிட்டாள். நான் இன்னமும் நாற்காலியின் நுனியில்தான் உட்காருகிறேன்.

நாங்கள் வேலை செய்யும் பாத்திகள் முடிகிற இடத்தில் ஒரு மணல்மேடு உண்டு. அதன் அடியில், தாழம்புதருக்குப் பின்னால், கையால் மணலைப் பறித்தால் நல்ல தண்ணீர் ஊறும். கொஞ்சம் தள்ளிப் பறித்தால் கரிக்கும். அந்த ஓர் இடத்தில் மட்டும் கரிக்காது. உப்பு வாரி முடித்ததும் பெண்கள் நாங்கள் அங்கே போய்க் கால் கழுவுவோம். வெடிப்பில் ஏறிய உப்பின் எரிச்சல் அந்தத் தண்ணீர் பட்டால்தான் அடங்கும். கழுவியதும் குழியை மணல் போட்டு மூடிவிட்டு வர வேண்டும். இல்லாவிட்டால் மாடு மிதித்துக் கலக்கிவிடும். மூடிவிட்டால் அங்கே தண்ணீர் இருப்பது யாருக்கும் தெரியாது.

மற்றவர்கள் போன பிறகு நான் மட்டும் அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். ஏன் என்று என் ஓரகத்தியிடம்தான் ஒருமுறை சொன்னேன். உப்புப் பருவம் தொடங்கும் முன்னால் பாத்தியின் தரையைக் காலால் மிதித்து இறுக்குவோம். ஒருவர் பின் ஒருவராக வரிசையில் மிதித்துக்கொண்டே போவோம். யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்பதால் அந்த வேலையின்போது எனக்கும் பேச்சு வரும். அப்படி ஒருநாள், பின்னால் வந்த அவளிடம், அங்கே உட்கார்ந்தால் யாரும் நம்மை ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்று சொன்னேன். அவள் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

போன வருஷம் மழைக்காலத்தில், உப்பளத்தை ஒட்டிப் பறவைகளுக்காக ஒதுக்கும் பகுதிக்கு வேலி போடப் போவதாகச் சொன்னார்கள். அதற்கு முன்னால் ஊராரைக் கேட்க வேண்டுமென்று அதிகாரிகளும் ஓர் ஆய்வுக் குழுவும் வந்தார்கள். சமுதாயக் கூடத்துச் சுவரில் பெரிய வரைபடம் ஒன்றைத் தொங்கவிட்டு, இந்த இடத்தால் உங்களுக்கு என்ன கிடைக்கிறது, அந்த இடத்தால் என்ன கிடைக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள்.

மழைக்காலத்தில் எங்களுக்கு வேலை கிடையாது. அந்த நாளில் பேண்ட் போட்டுக்கொண்டு யார் வந்து கேள்வி கேட்டாலும் அது நிவாரணத்துக்கு என்றுதான் எங்களுக்குத் தோன்றும். இருக்கிறது என்று சொன்னால் கிடைக்காது. அதனால் எந்த இடத்தைக் காட்டினாலும், ஒன்றும் கிடைக்கவில்லை ஐயா என்று மூத்தவர்கள் சொன்னார்கள், நாங்களும் தலையாட்டினோம். மணல்மேட்டைக் காட்டியபோதும் அதையேதான் சொன்னோம். குழுவில் வந்த பெண் நம்பாமல், அங்கே யாருமே போவதில்லையா என்று இன்னொரு முறை கேட்டாள். இல்லை என்றோம். வரைபடத்தில் மணல்மேடு வேலிக்குள் போயிற்று.

விஷயம் பிறகுதான் புரிந்தது. இனி ஊற்றுக்குப் போக முடியாது. பூநாரைகள் மேல்கூட எரிச்சல் வந்தது. வருஷத்தில் கொஞ்ச நாள் வந்து நிற்கிற அவற்றைப் பார்க்க எத்தனை கேமரா. வருஷமெல்லாம் நிற்கிற எங்களை யார் பார்த்தார்கள்.

ஊரார் மறுபடி பேச வேண்டும் என்று கேட்டதில் இன்னொரு கூட்டம் வைத்தார்கள். அன்று என் ஓரகத்தியும் லீவு போட்டுவிட்டு வந்தாள். நான் முந்தின இரவே மனதுக்குள் பேசிப் பழகியிருந்தேன். கை தூக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது அவள் எழுந்துவிட்டாள்.

"அங்க நல்ல தண்ணி ஊத்து ஒண்ணு இருக்குது சார். காசு வர்ற எடம் இல்ல. கால் கழுவுற எடம்." பிறகு சொன்னாள். "அங்க உக்காந்தா யாரும் நம்மள ஒண்ணும் கேக்க மாட்டாங்க சார். எங்களுக்கு அப்படி வேற எடம் கெடையாது."

குழுவில் வந்த அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள். பறவையையும் உப்பையும் போல இதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அதிகாரியிடம் சொன்னாள்.

அது என் பேச்சு. வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே நல்ல பேச்சு அதுதானோ என்னவோ. அங்கே ஒருநாளும் உட்காராதவள் அதை எடுத்துச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து என் தொடையில் தட்டி, "இன்னாக்கா, கரெக்டா சொன்னேனா" என்று கேட்டாள். தலையாட்டினேன்.

இடத்தை நேரில் பார்த்து முடிவு செய்வதாகச் சொல்லி மறுநாள் காலை அவர்கள் உப்பளத்துக்கு வந்தார்கள். அவள் முன்னால் நடந்தாள். அவளும் அந்தப் பெண்ணும் அதற்குள் தோழிகளாகியிருந்தார்கள். நான் மற்ற பெண்களோடு கடைசியில் வந்தேன். தாழம்புதர் வந்ததும் அவள் வேகமாகப் போய் ஓரிடத்தைக் காட்டினாள். அந்த இடம் இல்லை. உப்பளத்தை விட்டுப் போய் எத்தனையோ வருஷம். மூடிக் கிடக்கும் ஊற்றை அவள் எப்படிக் கண்டுபிடிப்பாள்.

அதிகாரியோடு வந்தவர் தோண்டிப் பார்த்தார். ஊறிய தண்ணீரை நாக்கில் வைத்துவிட்டுத் துப்பினார். அவள் இன்னொரு இடத்தைக் காட்டினாள். அதுவும் கரித்தது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என் பக்கத்தில் நின்றவள் முணுமுணுத்தாள். "ஆரோவில்லுல போயி தோண்டச் சொல்லு." எனக்குச் சிரிப்பு வந்தது. ஓரகத்தியின் முகம் சிறுத்துப் போனதைப் பார்க்க அவ்வளவு சுகமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று நின்றேன்.

அதிகாரி திரும்பி நடக்கத் தொடங்கினார்.

வாய் திறந்தால் குரல் வராது என்று எனக்குத் தெரியும். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு புதருக்குப் பின்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். இரண்டு கையாலும் மணலைப் பறித்தேன். ஊற்று வந்தது. எப்போதும்போலக் காலைக் கழுவினேன். யாரையும் பார்க்கவில்லை.

"சார், நில்லுங்க சார்," என்று அவள் குரல் கேட்டது. "எங்கக்கா தோண்டுதுல்ல, அதான் சார். அதைத்தான் நான் சொன்னேன்."

எல்லோரும் வந்து அவளைச் சுற்றி நின்றார்கள். தண்ணீர் குடித்துப் பார்த்த அந்தப் பெண், அவள் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். நான் ஈரக் காலோடு புதர் ஓரமாக ஒதுங்கிக்கொண்டேன்.

வேலி வந்தது. மணல்மேட்டருகே ஆள் போகிற அளவுக்கு வழி விட்டிருக்கிறார்கள். ஊரில் எல்லோரும் அவளால்தான் ஊற்று தப்பியது என்கிறார்கள். பொய் என்று சொல்ல முடியாது. சொன்னவள் அவள்தானே. ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதிக்கு வருகிறவர்களை அங்கே கூட்டிக்கொண்டு வருகிறாளாம். கண்ணை மூடி உட்காருகிறார்களாம். "நீயும் வாயேன்க்கா, பேச வேணாம், சும்மா உக்காரு" என்று என்னையும் கூப்பிட்டாள். வேலை இருக்கிறது என்றேன்.

சனிக்கிழமைகளில் கடைசியாகக் கால் கழுவுகிறவள் நான்தான். குழியை மணல் போட்டு மூடுவது வழக்கம். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் அதிகமாகவே மணல் போட்டு, மேலே சருகையும் பரப்பிவிட்டு வருகிறேன்.