பொங்கல் விழாவுக்கு ஒரு இன்ஷூரன்ஸ்

லிங்கராஜபுரம் பூங்காவில் பொங்கல் விழா நடத்த அனுமதி கேட்டிருந்தோம். இடத்தைப் பார்க்க வந்த அதிகாரி ஒல்லியானவர். தரையை ஷூவால் ஒருமுறை அழுத்திப் பார்த்த பிறகுதான் அடுத்த அடி வைப்பார்.

“இன்ஷூரன்ஸ் இல்லாம பர்மிஷன் கிடையாது சார். யாராவது விழுந்தா?”

“மியூசிக்கல் சேர்ல யாரு சார் விழப்போறாங்க?” என்று முனகிக்கொண்டே இன்ஷூரன்ஸ் எடுத்தோம்.

விழாவுக்கு அவரையும் அழைத்தோம். மியூசிக்கல் சேர் ஆட்டத்துக்குப் பெண்கள் அவரை இழுத்தபோது உற்சாகமாகச் சேர்ந்துகொண்டார். கடைசி நாற்காலிக்குப் பாய்ந்தவர் புல்லில் சறுக்கி விழுந்தார். முழங்கால் வீங்கிவிட்டது.

“இன்ஷூரன்ஸ்தான் இருக்கே சார், கிளெய்ம் பண்ணிடலாம்” என்றேன்.

“ஐயோ, வேணாம் சார்!” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். “இந்த இடம் சேஃப்னு கையெழுத்துப் போட்டதே நான்தானே!”

நொண்டிக்கொண்டே ஆட்டோவில் ஏறினார். நாற்காலிக்காக அவ்வளவு வெளிப்படையாக ஓடிய அதிகாரியை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.