நான் கழற்றிய தகரப்பெட்டி

தீவில் லொறி அரிதாக இருந்த காலம். சாட்டிக் கடற்கரையிலிருந்து புகையிலைத் தோட்டங்களுக்கு உரமாக, கரையில் ஒதுங்கும் கடற்பாசியான சாதாளையை ஈரத்தோடு ஏற்றுவோம். பாரத்தில் நான் ஓட்டிய பழைய லொறி மணலில் புதையும். எஞ்சினுக்குள் தூசி போகாமல் தடுக்கும் தகரப்பெட்டியை, முதலாளி செல்லையா அண்ணைக்குச் சொல்லாமல் கழற்றி ஒளித்தேன். காற்றுத் தாராளமாகப் போனதும் லொறி பாய்ந்து ஏறியது.

"நீர் கெட்டிக்காரன்தான்" என்றார்.

மூன்றாம் மாதம் எஞ்சின் புகை கக்கி நின்றது. நானே திறந்தேன். விரலில் மணல் நெருடியது.

"என்ன தம்பி?"

"பழசுதானே அண்ணை. இனி ஏலாது."

"ஓம். கிழட்டு மாட்டில பாரம் ஏத்தினது என்ரை பிழை. உம்மையும் வருத்திப்போட்டன்."

அவர் திரும்பவும் மாட்டுவண்டி பிடித்தார். பெட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது. எறியவும் பயம், கொடுக்கவும் பயம். அன்று அவர் ஏசியிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனோ, தெரியாது.