பின்னிருக்கை

கொள்ளிடத்தில் தண்ணீர் ஓடிய நாட்களில், பெண்களுக்கான படகுப் பயிற்சி முகாமுக்குத் தனியாகச் சென்றிருந்தேன். கரை அரிக்காமலிருக்கக் கொட்டிய பாறாங்கற்களுக்கிடையே ஆறு நுரைத்துப் பாயும் இடத்தை, மேல்மூடி இல்லாத கனூ படகில் கடக்க வேண்டும். ஒருவர் படகா, இருவர் படகா என்பது நம் விருப்பம்.

நான் ஒருவர் படகைக் கேட்டேன்.

"அது சட்டுனு திரும்பும், சட்டுனு கவுந்தும் போயிடும். மொதல் தடவை ரெண்டு பேரா போங்க," என்றார் பயிற்சியாளர். ஒருவர் படகுகள் போதாததால் அப்படிச் சொல்கிறாரோ என்று சந்தேகப்பட்டேன்.

முகாமுக்கு வந்திருந்த, நாகப்பட்டினத்தில் துணிக்கடை நடத்தும் ரஹீமா அக்கா, "என்கூட வாங்களேன்," என்றார். முன்பின் தெரியாத என்னை ஏன் அழைக்கிறார்? துடுப்புப் போடாமல் ஓசியில் கடந்துவிடவா? அவரைக் கண்காணிக்க வசதியாகப் பின்னிருக்கையைக் கேட்டேன். அவர் தயங்காமல் முன்னால் ஏறிக்கொண்டார்.

நுரைக்குள் நுழைந்ததும் படகு பாறையை நோக்கித் திரும்பியது.

"அக்கா, வலது பக்கம் இழுங்க!"

அந்தக் கணமே இழுத்தார். நான் என்ன செய்கிறேன் என்று ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பாறை எங்கள் இடப்பக்கமாக விலகிப் போயிற்று.

கரையேறியதும் கேட்டேன்: "பின்னால நான் சும்மா உட்கார்ந்திருந்தா என்னக்கா பண்ணியிருப்பீங்க?"

"எப்படி உட்காருவீங்க? ஒங்க உசுரும் அதே படகுலதானே இருந்துச்சு!"

மறுநாள் முன்னிருக்கையை நானே கேட்டு வாங்கினேன். தண்ணீர் அமைதியான இடத்தில் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டேன்.

"இங்கதாம்மா இருக்கேன், எறங்கிப் போயிடல!" என்று பின்னிருக்கையிலிருந்து சிரித்தார் ரஹீமா அக்கா.

சந்தேகம் என்னை இன்னும் முழுதாக விட்டுவிடவில்லை. ஆனால், பாறைகளுக்கிடையே நான் திரும்பிப் பார்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.