அரைமணிக்கு இரண்டு நாள் விடுப்பு

தண்ணீர்ப் பம்பு பழுது பார்க்கிற அவருக்கு ஊரில் ‘அரைமணி’ என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயரைக் கேட்டால் அவர் மனைவியே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வாள்.

பட்டப்பெயர் வரக் காரணம் மாவட்ட அலுவலகம். மலையடிவாரத்து வீடுகளை நகரத்துக்காரர்கள் வாங்கிப் போட்டு, சனி ஞாயிறு வந்து தங்குகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட ஆரம்பித்தார்கள். கூடவே பாட்டு, கூச்சல், வழியை அடைத்து நிற்கும் கார்கள். ஊரே சண்டைக்குக் கிளம்பியதும் அலுவலகம் விதி போட்டது. நாள் வாடகைக்கு விட அனுமதி வாங்க வேண்டும். வீட்டுக்காரர் வெளியூரில் இருந்தால் உள்ளூரில் ஒரு பொறுப்பாளர் வேண்டும். அவர் போன் எண் வாசல் கேட்டில் தொங்க வேண்டும். யார் புகார் சொன்னாலும் அரை மணி நேரத்துக்குள் அவர் அங்கே வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் அனுமதி ரத்து.

ஏழு வீடுகளுக்கு இவர்தான் பொறுப்பாளர். குழாய் ஒழுகினாலும் ஓடுவார், குளியலறையில் பல்லி இருந்தாலும் ஓடுவார். சாப்பாட்டுத் தட்டில் பாதியை மூடி வைப்பது அவர் மனைவிக்குப் பழகிப் போயிருந்தது. முன்னறையில் தையல் மிஷின் போட்டு அந்த வீடுகளுக்கே தலையணை உறை தைக்கிறவள் அவள். அதனால் வாய் திறந்து குறை சொல்லவும் முடியாது.

பொறுக்க முடியாதது ஒன்றுதான். ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் அவர் போக மாட்டார். பாலம் தாண்டினால் அரை மணிக்குள் திரும்பி வர முடியாதாம். மலைக்கு அப்பால் இருக்கிற அவள் தங்கை வீட்டுக்குக் கிளம்பிய போதெல்லாம் பாலம் வரை வந்து வண்டியைத் திருப்பியிருக்கிறார்.

இப்போது அந்தத் தங்கை குடும்பத்தோடு வெளிநாட்டுக்குப் போகிறாள். ஞாயிறு மதியம் கார் வரும். திரும்பி வருவது எப்போது என்று அவளுக்கே தெரியாது.

“நீ போய்ட்டு வா. நான் போன்ல பேசிடறேன்” என்றார் அரைமணி.

“போன்ல பெட்டி கட்ட முடியுமா? அப்பா இல்லாத கல்யாணத்துல முன்னால நின்னு அவளை அனுப்பி வெச்சது நீங்க. இப்பவும் அத்தான் வருவாரான்னுதான் கேக்கறா.”

“சனி ஞாயிறு ஏழு வீடும் நிறைஞ்சிருக்கும். அனுமதி போச்சுன்னா அப்புறம் நான் பட்டறையில ஈ ஓட்ட வேண்டியதுதான்.”

அவள் அதோடு விடவில்லை. மறுநாள் மாவட்ட அலுவலகத்துக்குப் போனாள். அனுமதிப் பிரிவில் இருந்த அதிகாரி அம்மா விதியைப் புரட்டிப் பார்த்தார்.

“மாற்றுப் பொறுப்பாளர் போடலாமே. உள்ளூர்க்காரரா இருக்கணும், கூப்பிட்டா வரணும், அவ்வளவுதான். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல.”

ஆள் கிடைக்க வேண்டுமே! பால்காரர் மாட்டைக் காட்டித் தப்பித்தார். முடிதிருத்துகிறவர், “அரை மணியா? எனக்கு ஒரு தலைக்கே முக்கால் மணி ஆகுதுக்கா” என்று கத்தரியைக் காட்டினார்.

அப்போதுதான் அவளுக்கு டிக்கெட் சார் நினைவு வந்தது. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏழு வீட்டுக்கும் வருகிற புகாரில் முக்கால்வாசி அவருடையது. மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் வீட்டில் எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று எண்ணிக் கொண்டிருப்பார்.

“ஊர்ல விதி தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான் சார்” என்று ஆரம்பித்தாள்.

“அது உண்மைதாம்மா.”

“உங்க புகாரையெல்லாம் ஒழுங்கா விசாரிக்கத்தான் ஆள் இல்ல.”

“உன் வீட்டுக்காரர் நல்லவர்தான். ஆனா சிரிச்சுப் பேசியே அனுப்பிடறார். கண்டிப்பு போதாது.”

“அதான் சார், ரெண்டு நாளைக்குப் பொறுப்பை உங்க கையில குடுக்கலாம்னு பார்க்கறேன்.”

டிக்கெட் சார் உள்ளே போய்ப் பழைய கறுப்புக் கோட்டை எடுத்து உதறினார்.

வாராவாரம் டிக்கெட் சாரின் புகார் மனுக்களைப் படித்து அலுத்திருந்த அனுமதிப் பிரிவு அம்மாவின் முகம், விண்ணப்பத்தில் அந்தப் பெயரைப் பார்த்ததும் மலர்ந்தது. “ரெண்டு நாள் போதுமா? ரெண்டு வருஷம்னு போடட்டுமா?”

விஷயம் தெரிந்ததும் அரைமணி தலையில் கை வைத்தார். “அவர்கிட்டயா? வந்தவங்க பாதிப் பேர் பயந்து ஓடிடுவாங்களே!”

“முத்திரை குத்தியாச்சு. சட்டையை மாத்துங்க.”

சனிக்கிழமை காலை வண்டி பாலத்தைத் தாண்டியது. அவர் மூச்சைப் பிடித்துக் கொண்டு ஓட்டினார். “மூச்சு விடுங்க, பாலம் இடியாது” என்றாள் மனைவி பின்னாலிருந்து.

தங்கை வாசலுக்கே ஓடி வந்தாள். “பொய் சொல்றியோன்னு நெனச்சேன்க்கா, நிஜமாவே கூட்டிட்டு வந்துட்டியே!” அவர் பெட்டிகளுக்குக் கயிறு கட்டினார், பழைய மின்விசிறியைக் கழற்றினார். நடுநடுவே போன் இருந்த சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக் கொண்டார்.

பிற்பகலில் போன் அடித்தது. கேட்டில் தொங்குவது இன்னும் அவர் எண்தானே! ஒரு வீட்டில் தங்கியிருந்த பெண் பொரிந்து தள்ளினாள்.

“உங்க பொறுப்பாளர் யாரும் கூப்பிடாமலே மூணு தடவை வந்துட்டார் சார்! எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சு அடையாள அட்டை கேக்கறார். என் மாமியார் குளிச்சிட்டு இருந்தாங்க. ஒரு தலை குறையுதுன்னு அவங்க வெளிய வர்ற வரைக்கும் ஹால்லயே உட்கார்ந்திருந்தார்!”

அரைமணி வண்டிச் சாவியை எடுத்துவிட்டார்.

“அத்தான், கிளம்பிட்டீங்களா?” என்று கேட்ட தங்கையின் குரல் இறங்கிப் போயிருந்தது.

மனைவி வாசலை மறித்து நின்றாள். “புகார் வந்தா யார் போகணும்?”

“பொறுப்பாளர்.”

“இன்னிக்குப் பொறுப்பாளர் யாரு?”

“அவர்தான். ஆனா அவர் மேல வந்த புகாருக்கு அவரே எப்படிப் போவாரு?”

“போகக் கூடாதுன்னு விதியில எங்க இருக்கு?”

அவர் தயங்கித் தயங்கி டிக்கெட் சாரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். மறுமுனையிலிருந்து ஒரே ஒரு கேள்விதான் வந்தது.

“புகார் எப்ப வந்தது?”

“இப்பதான் சார்.”

“அப்ப போனை வைங்க. நேரம் ஓடிட்டிருக்கு.”

பெட்டி கட்டுவதை விட்டுவிட்டு எல்லாரும் போனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அரை மணிக் கெடு முடிவதற்குள் டிக்கெட் சாரிடமிருந்து அழைப்பு வந்தது.

“சம்பவ இடத்துக்குப் போனேன். ரெண்டு தரப்பையும் விசாரிச்சேன். புகார் உண்மைதான்.”

“அப்புறம் சார்?”

“பொறுப்பாளரைக் கடுமையா கண்டிச்சிருக்கேன். இனிமே கூப்பிடாம உள்ள வர மாட்டார்.”

அரைமணி சிரித்த சிரிப்பில் அவர் உட்கார்ந்திருந்த பெட்டி குலுங்கியது. “அப்படியே உட்காருங்க சகலை” என்று தங்கை புருஷன் அந்தச் சாக்கில் மூடாத பெட்டியின் ஜிப்பை இழுத்துவிட்டான். அதற்குப் பிறகு அவர் கை சட்டைப் பைக்குப் போகவில்லை.

ஞாயிறு மதியம் கார் வந்தது. கடைசிப் பையை ஏற்றிவிட்டு அவர் திரும்பியதும் தங்கை அவர் கையைப் பிடித்துக் கொண்டு விசும்பினாள். “போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணும்மா” என்றார்.

அந்த நேரம் பார்த்து, சமையலறை மேடையில் அவர் மறந்து வைத்த போன் அடிக்க ஆரம்பித்தது. அவருக்குக் கேட்கவில்லை. மனைவிக்குக் கேட்டது. அவள் சத்தமில்லாமல் பின்னால் கையை நீட்டி வாசற்கதவைச் சாத்திவிட்டு, காரைப் பார்த்துக் கையாட்டினாள்.