வாய்மடையில் நீலக் கறை

பாசியை அழுக்கு என்று சொல்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. குடவாசல் பக்கம் ஒரு பள்ளியில் உயிரியல் வாத்தியார் நான். வயல் தண்ணீரில் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். கையில் எடுத்தால் தலைமுடி போல் நழுவுகிற பட்டுப்பாசிக்குள்ளே பச்சை ரிப்பன் சுருள் சுருளாக ஓடும். வாய்க்கால் மூலையில் வலைப்பாசி. அதன் கண்ணிகளை எந்த மீனவரும் அவ்வளவு ஒழுங்காகப் பின்ன முடியாது. குட்டையின் அடியில் சொரசொரப்பாக ஒன்று வளரும், கசக்கினால் பூண்டு வாடை அடிக்கும். கோடியக்கரைக்கு மாணவர்களைக் கூட்டிப் போனபோது உப்பளப் பாத்தி ரோஜா நிறத்தில் கிடந்தது. அதுவும் பாசிதான் என்றேன். ஒருத்தி நம்பாமல் விரலை விட்டு நக்கிப் பார்த்தாள்.

பாசியைச் சாது என்று நினைத்துவிடாதீர்கள். உச்சி வெயிலில் பட்டுப்பாசி காற்றுக் குமிழிகளை நிரப்பிக்கொண்டு மேலே எழும்பும். எழும்பும்போது நட்டு நான்கு நாளான நாற்றை வேரோடு பிடுங்கிக்கொண்டு வரும். பிடுங்க முடியாததை அமுக்கிக் கொல்லும். அதனால் எங்கள் பக்கத்தில் பாசியைக் கண்டால் மயில்துத்தம் என்கிற நீல உப்பைத் துணியில் முடிந்து, தண்ணீர் வயலுக்குள் நுழைகிற வாய்மடையில் கட்டிவிடுவார்கள். தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டு உள்ளே போகும். இரண்டு நாளில் பாசி வெளுத்துச் சாகும். துத்தத்துக்கு நல்லது கெட்டது தெரியாது. எல்லாப் பாசியும் சாகும்.

அந்தக் குறுவையில் நான் வளர்த்தது நல்ல பாசி. நீலப்பச்சைப் பாசி, காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து நெல்லுக்குக் கொடுக்கிற வகை. அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கிய குடும்பம் எங்களுடையது. சொந்தமென்று நான் வாங்கியது இந்த மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர், மட்டும்தான். அதில் யூரியா இல்லாமல் ஒரு போகம் எடுத்துக் காட்டுகிறேன் என்று ஆசிரியர் அறையில் சவால் விட்டிருந்தேன். பள்ளித் தோட்டத்தில் பாலிதீன் விரித்த குழியில் வளர்த்து, வெயிலில் காய்ந்து அப்பளமாகப் பெயர்ந்ததைச் சேர்த்துவைத்து, நட்ட பத்தாம் நாள் தூவினேன். ஒரே வாரத்தில் சேற்றின் மேல் கரும்பச்சைத் தோல் படர்ந்தது. குனிந்து பார்த்தால் அதில் கருநீலமும் ஊதாவும், ஓரத்தில் செம்பழுப்பும். தினமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்குப் போவேன். என் மனைவியிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதாக நினைவில்லை.

பிறகு மூன்று நாள் தேர்வு வேலை, வயல் பக்கம் போகவில்லை. சனிக்கிழமை காலை போனேன். தோல் வெளுத்து, நார் நாராகக் கிழிந்து மிதந்தது. அழுகிய முட்டை நாற்றம். வாய்மடை மண்ணில் நீலக் கறை. வரப்பில் துத்தம் முடிந்த துணி பிழிந்து கிடந்தது. எங்கள் ஊரில் தண்ணீர் வயலுக்கு வயல் பாயும். மேலே இருப்பவன் வடித்தால்தான் கீழே இருப்பவனுக்கு வரும். எனக்கு மேல்வயல் சித்தப்பா மகனுடையது. அவன் அங்கேதான் மண்வெட்டியோடு நின்றிருந்தான்.

"துத்தம் கட்டுனியாடா?"

"நான் கட்டலண்ணே."

"பின்ன யாருடா கட்டுனது? உன் தண்ணிதான எனக்கு வருது?"

அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். "விடுண்ணே. பாசிதான? செத்தா நல்லதுதான?"

அவ்வளவுதான். அவன் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கிக் காம்பால் அடித்தேன். முதல் அடி தோளில். இரண்டாவதைத் தடுக்கக் கையைத் தூக்கினான். முன்கை எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கேட்ட பிறகும் மூன்றாவது அடி அடித்தேன். அவன் சேற்றில் குப்புற விழுந்தான். தலைமுடியைப் பிடித்து, செத்த பாசிக்குள் அவன் முகத்தை அழுத்தி, "தின்னுடா, நல்லதுதான, தின்னு" என்று கத்தினேன். மூக்கிலும் வாயிலும் பாசி அடைத்துக்கொண்டு அவன் மூச்சுக்குத் திணறினான். உள்ளதைச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கு நன்றாக இருந்தது. களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நான்கைந்து பேர் ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து இழுத்துத் தள்ளினார்கள். அவனை ஆட்டோவில் ஏற்றியதும் அவர்கள்தான்.

மத்தியானம் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். வரப்பில் வழுக்கி விழுந்ததாக டாக்டரிடம் சொல்லியிருந்தான். எனக்கு முன்பே என் மனைவி வந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

"துத்தத்த நான்தாங்க கட்டுனேன்" என்றாள். "பாசி பயிர அமுக்குதேன்னு கட்டுனேன். வலங்கைமான்ல எங்க வீட்ல அப்படித்தான் செய்வாங்க. அது நீங்க வளக்குற பாசின்னு எனக்கு எப்படித் தெரியும்? சொன்னீங்களா?"

நான் அவனைப் பார்த்தேன். "உனக்குத் தெரியுமாடா?"

"அண்ணி கட்டுறப்ப நான் வரப்புலதான் நின்னேன்."

"அப்பறம் ஏன்டா சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன்னை அடிச்சிருப்பனா?"

அவன் கட்டுப்போட்ட கையைப் பார்த்தபடி சொன்னான். "என்னை அடிச்சிருக்க மாட்ட. நேரா வீட்டுக்குப் போயிருப்ப. அங்க உன்னப் புடிச்சு இழுக்க யாரு இருக்கா?"

அவள்மேல் நான் கை வைத்தது இரண்டே முறைதான் என்று சொல்ல வாயெடுத்தேன். இரண்டு என்பது எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை. கட்டிலுக்கு அந்தப் பக்கமே நின்றாள்.